எனக்கு பிரிட்டிஷ் பாஸ்போர்ட், மனைவிக்கு இந்திய பாஸ்போர்ட்: டோவரிலிருந்து காரில் பிரான்ஸ் போக என்னென்ன வேண்டும்?

நெடுஞ்சாலை82:

வணக்கம் நண்பர்களே. ஆகஸ்டில் எங்கள் காரிலேயே டோவரில் ஃபெரி ஏறி பிரான்ஸின் கலே துறைமுகம் போய், பாரிஸில் மூன்று இரவு, பெல்ஜியத்தில் பிரூஜில் இரண்டு, ஆம்ஸ்டர்டாமில் இரண்டு, அப்புறம் மறுபடி கலே வழியாக வீடு என்று திட்டம் போட்டிருக்கிறோம். நான் பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கி ஆறு வருடம் ஆகிறது. மனைவி போன வருடம்தான் ஸ்பவுஸ் விசாவில் வந்தாள், அவளுக்கு இந்திய பாஸ்போர்ட். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் போகும் முதல் பெரிய பயணம் இது. துறைமுகத்தில் தன்னை மட்டும் தனியாக நிறுத்திவிடுவார்களோ என்று அவளுக்கு இப்போதே பயம்.

கணவர் பிரிட்டிஷ் என்றால் திருமணச் சான்றிதழைக் காட்டினால் போதும், விசா வேண்டாம் என்று வேலையிடத்தில் ஒருவர் சொல்கிறார். உண்மையா? விசா வேண்டும் என்றால் மூன்று நாட்டில் எதற்குப் போடுவது? ஃபெரி டிக்கெட்டை முதலில் எடுப்பதா, விசா வந்த பிறகா?

பழையபயணி:

நாங்கள் 2017-இல் போனோம், இதே நிலைமைதான். மனைவிக்கு விசா எடுத்தோம், ஆனால் கட்டணமே இல்லை. திருமணச் சான்றிதழும் என் பாஸ்போர்ட்டும் கொடுத்ததோடு சரி, வங்கிக் கணக்கு விவரம்கூடக் கேட்கவில்லை. அதைக் கேட்டுப் பாருங்கள்.

கடலோரம்:

பழையபயணி அண்ணா சொல்வது அன்றைக்குச் சரி. அப்போது பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தது, ஒன்றியக் குடிமகனோடு பயணம் செய்யும் குடும்பத்தாருக்கு அந்தச் சலுகை இருந்தது. 2020 டிசம்பர் 31-ஓடு அது நமக்கு முடிந்துபோனது. இன்றைக்கு நீங்கள் ஐரிஷ் அல்லது பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருந்தால் கதை வேறு. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை வைத்து மனைவிக்கு எதுவும் கிடைக்காது. கல்யாணம் யாரோடு என்று பார்க்க மாட்டார்கள், அவர் கையில் இருக்கும் பாஸ்போர்ட் எது என்றுதான் பார்ப்பார்கள். இங்கே குடியிருக்கும் விசா இருந்தாலும் அவருக்கு ஷெங்கன் விசா (பிரான்ஸ் உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) கட்டாயம்.

எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்குத்தான் போட வேண்டும். உங்கள் திட்டப்படி பிரான்ஸ். ஒருவேளை எல்லா நாட்டிலும் சம நாள் என்றால், முதலில் நுழையும் நாடு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், சாதாரணமாக 15 நாளில் முடிவு வரும், சில சமயம் 45 நாள் வரை இழுக்கும். உண்மையில் அதைவிடக் கஷ்டம் கோடையில் நேரம் கிடைப்பதுதான், அதனால் அப்பாயின்ட்மென்டை இப்போதே பிடித்துவிடுங்கள். கட்டணம் 90 யூரோ, விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவச் செலவைத் தாங்கும் பயணக் காப்பீடு வேண்டும். அவருடைய பாஸ்போர்ட் பத்து வருடத்துக்குள் கொடுத்ததாக இருக்க வேண்டும், திரும்பி வரும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்ல வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கம் வேண்டும். இந்த பத்து வருடம், மூன்று மாதக் கணக்கு இப்போது உங்கள் பாஸ்போர்ட்டுக்கும் உண்டு, எடுத்துப் பாருங்கள்.

இன்னொன்று, ஏழு இரவு என்றால் ஏழு நாள் இல்லை. போகும் நாளையும் வரும் நாளையும் சேர்த்து எட்டு. விண்ணப்பத்தில் ஏழு என்று எழுதிவிடாதீர்கள்.

மழைத்துளி:

ஃபெரி தேதி பற்றி நான் பட்டதைச் சொல்கிறேன். என் கணவர் பிரிட்டிஷ், எனக்கு இந்திய பாஸ்போர்ட். என் விசா 10-ஆம் தேதியிலிருந்து செல்லும். நாங்கள் 9-ஆம் தேதி இரவு 11 மணி ஃபெரிக்கு டிக்கெட் எடுத்துவிட்டோம். கலே போய்ச் சேரும்போது 10-ஆம் தேதி ஆகியிருக்கும், அங்கே நேரமும் ஒரு மணி நேரம் முன்னால், அதனால் சரியாகிவிடும் என்பது எங்கள் கணக்கு. ஆனால் பிரெஞ்சு எல்லைச் சோதனை கலேயில் நடப்பதில்லை, டோவரிலேயே, கப்பலில் ஏறுவதற்கு முன்பே நடக்கிறது. ஒன்பதரைக்குக் கார் கண்ணாடியை இறக்கி இரண்டு பாஸ்போர்ட்டையும் கொடுத்தோம். அந்த அதிகாரி விசா ஸ்டிக்கரில் தேதி மேல் விரலை வைத்து எனக்கே காட்டினார். கடுமையாக ஒன்றும் பேசவில்லை, நாளை தொடங்குகிறது, பிறகு வாருங்கள் என்று காரைத் திருப்பச் சொன்னார். பின் சீட்டில் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். நள்ளிரவு தாண்டும்வரை வெளியே காத்திருந்து, கூடுதல் பணம் கட்டி அடுத்த கப்பலில் போனோம்.

அதனால் விசாவில் முதல் நாளைப் பயணத்துக்கு ஒரு நாள் முன்பாகவே கேளுங்கள், ஃபெரியும் பகலில் எடுங்கள். விண்ணப்பத்துக்குக் காட்ட முன்பதிவு வேண்டும்தான், ஆனால் தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள். கொஞ்சம் விலை அதிகம், கொடுக்கலாம்.

உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள், தனியாக எங்கேயும் கூட்டிக்கொண்டு போக மாட்டார்கள். எனக்கு அந்தத் தேதித் தகராறு தவிர எல்லாமே காரில் உட்கார்ந்தபடியே முடிந்தது. 2025 அக்டோபர் 12-இல் தொடங்கிய இஇஎஸ் (வெளிநாட்டவர் எல்லையில் வருவதையும் போவதையும் பதியும் ஐரோப்பிய முறை) பதிவில் புகைப்படம், கைரேகை எடுக்கிறார்கள். விசா வைத்திருப்பவரின் கைரேகை விசாவுக்குக் கொடுத்தபோதே பதிவாகியிருக்கும், அதனால் கைரேகை கொடுக்கப்போவது நீங்கள்தான்.

நெடுஞ்சாலை82:

ரொம்ப நன்றி. கடைசி வரியைப் படித்துக் காட்டியதும்தான் அவள் முகம் தெளிந்தது. காருக்கும் திரும்பி வருவதற்கும் ஏதாவது உண்டா?

கடலோரம்:

திரும்பும்போது இதே கதை தலைகீழாக: பிரிட்டிஷ் சோதனை கலேயிலேயே நடக்கும். பிஆர்பி என்ற பிரிட்டிஷ் குடியிருப்பு அட்டைகள் 2024 கடைசியோடு போய்விட்டன, இப்போது ஆன்லைனில் இருக்கும் இ-விசாதான். உங்கள் மனைவி கொண்டுவரும் பாஸ்போர்ட் எண் அவருடைய யூகேவிஐ (பிரிட்டிஷ் விசா துறை) ஆன்லைன் கணக்கில் இணைந்திருக்கிறதா என்று கிளம்புவதற்கு முன் பாருங்கள். அவருடைய ஸ்பவுஸ் விசாவை நீட்டிக்கும் விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது மட்டும் நாட்டை விட்டுப் போகவே கூடாது, போனால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதாகவே எடுத்துக்கொள்வார்கள். உங்களுக்கு இன்னும் அந்தக் கட்டம் வரவில்லை என்று நினைக்கிறேன்.

காருக்கு லாக்புக் (காரின் பதிவுச் சான்றிதழ்) அசல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒளிரும் மேலாடையும் எச்சரிக்கை முக்கோணமும் பிரான்ஸில் கட்டாயம், மேலாடையை டிக்கியில் போடாமல் கை எட்டும் இடத்தில் வையுங்கள். முன்விளக்கு எதிரே வருபவர் கண்ணைக் கூசாமல் இருக்க ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். நம்பர் பிளேட்டில் யூகே என்று இல்லாவிட்டால் பின்னால் யூகே ஸ்டிக்கர், பழைய ஜிபி செல்லாது. கிரீன் கார்டு (வெளிநாட்டில் காட்டும் கார் காப்பீட்டுச் சான்று) வேண்டாம். ஆனால் உங்கள் காப்பீடு வெளிநாட்டில் மூன்றாம் நபர் அளவுக்கு (அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கு மட்டும்) குறைந்துவிடுகிறதா என்று போன் போட்டுக் கேளுங்கள். மோட்டார்வேயில் 130 கிலோமீட்டர், மழை பெய்தால் 110. வழிகாட்டி ஆப்பில் கேமரா எச்சரிக்கையை அணைத்துவிடுங்கள், பிரான்ஸில் அது சட்டவிரோதம். வழியில் சாப்பிட சீஸ், இறைச்சி வைத்த சாண்ட்விச் எடுத்துப் போகாதீர்கள், பிரிட்டனிலிருந்து அதைக் கொண்டுபோகத் தடை.

நெடுஞ்சாலை82:

விசா நேரம் ஜூன் 3-க்குக் கிடைத்துவிட்டது. ஃபெரியை ஆகஸ்ட் 8 காலை பத்து மணிக்கு, தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுத்தேன். விண்ணப்பத்தில் 7-ஆம் தேதியிலிருந்து கேட்டிருக்கிறோம்.