மறுமொழி: 'மேட்டிங் டிஸ்ரப்ஷன்' – 'மணமயக்கு' எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பூச்சிகள் இணைசேர்வதைக் குலைத்து அவற்றைக் குறைக்கும் 'மேட்டிங் டிஸ்ரப்ஷன்' முறையைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று, உழவர்களுக்கான பருத்திக் காய்ப்புழுக் கையேட்டுக்காகக் கேட்டிருந்தேன். 'மணமயக்கு' எனலாமா என்பது என் எண்ணம். இத்தனை பேர் மெனக்கெட்டு எழுதியதற்கு நன்றி. பரிந்துரைகளை எல்லாம் கோட்டூர்புரம் நூலகத்தில் நண்பர்களோடு உட்கார்ந்து அலசினோம். என் கருத்தைச் சொல்கிறேன்.

> இனச்சேர்க்கைத் தடுப்பு என்றே வைத்துவிடலாமே. கேட்டவுடன் புரியும்.

கேட்டவுடன் புரியும்தான். ஆனால் நடப்பது ஒன்று, புரிவது இன்னொன்று. காய்ப்புழு வளர்ந்து அந்துப்பூச்சியாகிறது. பெண் அந்துப்பூச்சி இரவில் தன் வயிற்று நுனியிலிருந்து பெரோமோன் எனப்படும் ஒரு மணத்தை வெளியிடுகிறது. இழையாகக் காற்றில் நீளும் அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு, ஆண் காற்றை எதிர்த்து வளைந்து வளைந்து பறந்து வந்து சேர்கிறது. அதே மணத்தை ஆய்வகத்தில் செய்து வயல் முழுக்க நிரப்பிவிட்டால், பெண் எங்கே இருக்கிறது என்று ஆணுக்குத் தெரியாமல் போகிறது. கோயம்பேடு பூச்சந்தையின் நடுவே நிற்கவைத்து, ஒரே ஒரு கடையின் மல்லியை மணத்தை வைத்துக் கண்டுபிடி என்றால் எப்படியோ, அப்படி. அங்கே தடுப்பு என்று எதுவும் இல்லை. ஆண் பறக்கிறது, தேடுகிறது, துணை கிடைப்பதில்லை. சேராத பெண் இடும் முட்டை பொரிப்பதில்லை. அடுத்த தலைமுறைப் புழு குறைகிறது.

'தடுப்பு' என்று அச்சிட்டால் உழவர் மருந்தை எதிர்பார்ப்பார். மணம் ஏற்றிய கயிற்றை இன்று செடியில் கட்டினால் நாளை புழு செத்துக் கிடக்க வேண்டும் என்று நினைப்பார். ஏற்கெனவே காய்க்குள் இருக்கும் புழுவை இந்த முறை ஒன்றும் செய்யாது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பெண்ணின் மணத்தை வைத்து ஆண் பூச்சியை இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியை நம் உழவர்கள் நன்றாக அறிவார்கள். இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு, ஒரு பொறியில் ஓர் இரவுக்கு 8 அந்துப்பூச்சி வீதம் தொடர்ந்து 3 இரவு விழுந்தால் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது அவர்களுக்குச் சொல்லப்படும் கணக்கு. மணம் நிரப்பிய வயலில் இந்தக் கணக்கு செல்லாது. பெண்ணைக் கண்டுபிடிக்க முடியாத ஆண், பொறிக்குள் மணம் வீசும் தூண்டிலான லூரையும் கண்டுபிடிக்காது. பொறி காலியாக இருக்கும். பூச்சியே இல்லை என்று நினைத்து உழவர் நிம்மதியாக இருந்துவிட்டால், சேதம் அறுவடையில்தான் தெரியவரும். மணம் நிரப்பிய வயலில் பச்சைக் காய்களைப் பறித்துப் பிளந்து புழு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வழி. 'தடுப்பு' என்ற சொல் காலிப் பொறியை வெற்றியாகக் காட்டிவிடும் என்பதால்தான் அதை இவ்வளவு எதிர்க்கிறேன்.

> திசைதிருப்பல்?

நல்ல சொல், ஆனால் பாதிதான் சொல்கிறது. இந்த முறை வேலை செய்யும் விதங்களாக ஆய்வாளர்கள் முக்கியமாக மூன்றைச் சொல்கிறார்கள். ஆண் போலி மணத்தின் பின்னால் போய்ப் பொழுதை வீணாக்குவது ஒன்று. பெண்ணின் மணம் சுற்றியுள்ள மணத்தோடு கலந்து அடையாளம் இழப்பது இன்னொன்று. ஓயாமல் அதே மணம் பட்டு ஆணின் உணர்கொம்பு மரத்துப்போவது மூன்றாவது. எந்தப் பூச்சியில் எது முதன்மை என்பது மாறும். திசைதிருப்பல் முதலாவதற்கு மட்டுமே பொருந்தும்.

'மயக்கம்' மூன்றையும் தாங்கும். வழி தெரியாமல் திகைப்பதும் மயக்கம், உணர்வு மங்குவதும் மயக்கம். கலப்பும் மயக்கம்தான்: மெய்ம்மயக்கம், திணைமயக்கம் எல்லாம் பள்ளியில் படித்தவைதானே. 'மணம்' என்பதில் வாசமும் இருக்கிறது, துணை சேர்வதும் இருக்கிறது. இதற்கு நடைமுறைப் பயனும் உண்டு. ஊர்க்கூட்டத்தில் ஆணும் பெண்ணும் கலந்து உட்கார்ந்திருக்கும்போது 'இனச்சேர்க்கை' என்று திரும்பத் திரும்பச் சொல்லப் பேசுபவரும் கூசுகிறார், கேட்பவரும் கூசுகிறார். 'மணமயக்கு' என்றால் அந்தத் தயக்கம் இல்லை.

> மயக்கம் என்றால் பூச்சி மயங்கி விழும் என்றுதானே நினைப்பார்கள்?

வேலூரிலிருந்து எழுதிய அம்மையாரின் இந்தக் கேள்வி நியாயமானது. அதனால்தான் முறைக்கு 'மணமயக்கம்' என்று வைக்காமல் 'மணமயக்கு' என்கிறேன். கண்கட்டு மாதிரி ஒரு செயலின் பெயராக அது நிற்கட்டும். பூச்சிக்கு ஏற்படும் நிலை மணமயக்கம். வயலில் வைக்கும் பொருள் மணமயக்கி: செடியில் கட்டும் கயிறாக இருந்தால் மணமயக்கிக் கயிறு, குருத்தருகே தடவும் மெழுகுப் பசையாக இருந்தால் மணமயக்கிப் பசை. ஒரு வேரில் இத்தனை சொல் கிடைப்பது பெரிய வசதி.

> பெரோமோனை இனக்கவர்ச்சிப் பொருள் என்று எழுதிவிட்டு அங்கிருந்து தொடங்குவதே முறை.

பொறிக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது, அதைத் தொட வேண்டாம். ஆனால் எறும்பு தன் கூட்டத்துக்கு வழிகாட்டுவதும், ஆபத்தென்று எச்சரிப்பதும் பெரோமோனால்தான். அவற்றை இனக்கவர்ச்சி என்று எப்படிச் சொல்வது? பெரோமோன் என்ற சொல்லே 1959இல் கார்ல்சன், லூஷர் என்ற இரு அறிவியலாளர்கள் கிரேக்க வேர்களிலிருந்து புனைந்தது. அதே ஆண்டில்தான் ஜெர்மன் வேதியியலாளர் பூட்டெனண்ட்டின் குழுவினர் ஏறத்தாழ 5 லட்சம் பெண் பட்டுப்பூச்சிகளிலிருந்து பாம்பிகால் என்ற முதல் பெரோமோனைப் பிரித்து அடையாளம் கண்டார்கள். பொதுப்பெயராகப் பெரோமோன் அப்படியே இருக்கட்டும்.

இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஏன் இத்தனை பேச்சு என்று ஒருவர் கேட்டிருந்தார். சின்ன விஷயம் இல்லை ஐயா. 1967இல் கலிபோர்னியாவில் முட்டைக்கோஸ் புழுவின் அந்துப்பூச்சியிடம் சோதித்துக் காட்டிய முறை இது. 1978இல் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்காக அமெரிக்காவில் வணிகப் பதிவு பெற்றது. பிடி பருத்தி (காய்ப்புழுவுக்கு நஞ்சாகும் பொருளைத் தானே உண்டாக்கும்படி மரபணு மாற்றிய பருத்தி), மலடாக்கிய அந்துப்பூச்சிகளை விடுதல், அறுவடைக்குப் பின் மிஞ்சும் தண்டான பருத்திமாரை அழித்தல் ஆகியவற்றோடு இதையும் சேர்த்துக் கையாண்டு, 2018இல் அந்நாட்டுப் பருத்தி வயல்களிலிருந்து அந்தப் பூச்சியையே ஒழித்துவிட்டதாக அறிவித்தார்கள். இங்கே நிலைமை நேர் எதிர். பிடி பருத்தியைத் தின்றும் பிழைக்கும் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதலில் குஜராத்தில் தெரியவந்து, பிறகு மற்ற மாநிலங்களுக்கும் பரவிவிட்டது. காய்க்குள் ஒளிந்திருக்கும் புழுவுக்குத் தெளிக்கும் மருந்து எட்டாது. அப்புறம் உழவருக்கு மிச்சமிருக்கும் ஒருசில வழிகளில் இதுவும் ஒன்று.

ஒரு தனி ஏக்கரில் செய்தால் பலன் குறைவு என்பதையும் கையேட்டில் அழுத்திச் சொல்ல வேண்டும். பக்கத்து வயலில் ஏற்கெனவே இணைசேர்ந்த தாய்ப்பூச்சி பறந்து வந்து முட்டையிட்டால், இங்கே எவ்வளவு மணம் நிரப்பியும் பயனில்லை. அடுத்தடுத்த வயல்காரர்கள் சேர்ந்து, பூச்சி பெருகும் முன்பே தொடங்க வேண்டும். 'ஊர்மணமயக்கு' என்று ஒருவர் எழுதியிருந்தார். சொல் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் முதல் பதிப்பிலேயே வேண்டாம். 'கூட்டாகச் செய்யும் மணமயக்கு' போதும்.

கையேட்டில் இப்படிப் போட எண்ணம்: "மணமயக்கு செய்த வயலில் பொறி காலியாக இருந்தாலும் காயைப் பிளந்து பாருங்கள்." பெரம்பலூர்ப் பக்கம் களப்பணியில் இருக்கும் உறுப்பினர்கள் இந்த ஒரு வரியைப் பருத்தி உழவர்களிடம் படித்துக் காட்டி, அவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்று அவர்கள் வார்த்தையிலேயே எழுதி அனுப்புங்கள். அதை வைத்துச் சொல்லை முடிவு செய்வோம்.