ஐடிஐ எல்லாம் எதற்காக ஆரம்பித்தார்கள்? பையனைச் சேர்க்கலாமா?

மேலூர்வாசி:
பையன் பத்தாவது முடித்துவிட்டான். மார்க் மோசமில்லை, ஆனால் ப்ளஸ் ஒன் வேண்டாம், மதுரை கோ.புதூர் அரசு ஐடிஐயில் (தொழிற்பயிற்சி நிலையம்) ஃபிட்டர் பிரிவுதான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். மச்சானோ, ‘படிப்பு ஏறாத பிள்ளைகளைத் தள்ளிவிடுகிற இடம்’ என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். அப்படியா? பின்னாடி மேலே படிக்க வழி உண்டா?

பழைய ஃபிட்டர்:
மச்சான் சொல்வது பிற்பாடு கிளம்பின பேச்சு. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் பட்டாளத்திலிருந்து திரும்பினவர்களுக்கும், அப்புறம் பிரிவினையில் வீடுவாசல் இழந்து வந்தவர்களுக்கும் தொழில் பழக்க மையங்கள் நடந்தன. அந்த அடித்தளத்தில்தான் 1950-ல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் வந்தது. புதிதாக எழும்பும் ஆலைகளுக்கு வேலை தெரிந்த ஆள் வேண்டும், படித்த பையனுக்குப் பிழைப்பு வேண்டும், இவ்வளவுதான் நோக்கம். 1956-ல் அன்றாட நிர்வாகம் மாநிலங்கள் கைக்கு வந்தது, பாடத்திட்டமும் சான்றிதழும் தேசிய அளவிலேயே இருந்தன. அதனால்தான் புதூரில் வாங்கினது புனேயிலும் செல்லும்.

ஆனால் ஆலையிலேயே தொழில் பழகவைக்கும் 1961 அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) சட்டத்தையும் சேர்த்தால்தான் திட்டம் முழுசு. ஐடிஐயில் கை பழகும், ஆலையில்தான் வேலை பழகும். முதல் பாதியோடு நின்றுவிட்டு ‘வேலை கிடைக்கலை’ என்பவர்களைப் பார்த்துத்தான் உங்கள் மச்சான் பேசுகிறார்.

அரம்பிடிச்சவன்:
நான் ஃபிட்டர் முடித்தவன். பையனிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள் அண்ணே: ஆரம்ப மாதங்களில் மெஷின் பக்கமே விடமாட்டார்கள், அரம்தான். வைஸில் இரும்புத் துண்டைக் கவ்வவைத்து ராவணும், ட்ரை ஸ்கொயரை (மூலைமட்டம்) வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கணும், இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் திரும்ப ராவணும். உள்ளங்கை கொப்புளித்துவிடும். பாதிப்பேர் இங்கேதான் சலித்துப்போவான்.

கே.கே.நகர் அக்கா:
மேலே படிக்க வழி இருக்கு தம்பி. ஃபிட்டர் 2 வருஷம், முடித்தால் பாலிடெக்னிக் நேரடி இரண்டாம் ஆண்டுக்கு விண்ணப்பிக்கலாம். பன்னிரண்டாம் வகுப்பின் தமிழ், ஆங்கிலம் இரண்டையும் தனியாக எழுதித் தேறினால் ப்ளஸ் டூவுக்கு இணை. அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை வேறு. அரசுப் பள்ளியில் படித்த பையன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் உண்டு.

தனியாரில் சேர்ப்பதாக இருந்தால் மட்டும் உஷார். போர்டில் என்சிவிடி (தேசியத் தொழிற்பயிற்சிக் குழுவின் அங்கீகாரம்) என்று எழுதியிருப்பார்கள். நீங்கள் சேர்க்கிற தொழிற்பிரிவுக்கே அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். எங்கள் சித்தப்பா மகன் ஒரு இடத்தில் பணம் கட்டிச் சேர்ந்தான், அந்தப் பிரிவுக்கு அது இல்லையென்பது கடைசியில்தான் தெரிந்தது.

மேலூர்வாசி:
நன்றி அக்கா. ஃபிட்டர் அண்ணே, ரயில்வேயில் அப்ரண்டிஸ் எடுப்பார்களா?

பழைய ஃபிட்டர்:
எடுப்பார்கள். திருச்சி பொன்மலைப் பணிமனையிலும் உண்டு. பத்தாவது மார்க்கும் ஐடிஐ மார்க்கும் பார்த்துத்தான் பட்டியல் போடுவார்கள், அதனால் தியரியையும் கோட்டைவிட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.