இதயச் செயலிழப்புக்கு எக்சோசோம் சிகிச்சை: ஆறு மாத முதுகலை ஆய்வில் எதைக் கேட்பது?

பூவரசு

அனைவருக்கும் வணக்கம். நான் உயிர்த்தொழில்நுட்பவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி. என் தாய்மாமா இதயச் செயலிழப்பால் மூன்று முறை மருத்துவமனையில் சேர்ந்து, கடந்த ஆண்டு காலமானார். தினமும் காலையில் அத்தை அவருடைய வீங்கிய கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தி, அந்தக் குழி மறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பார். அதனால்தான் இந்தத் தலைப்பை எடுத்தேன்.

என் திட்டம் இதுதான். தொப்புள்கொடியிலிருந்து பெறும், பல வகைச் செல்களாக மாறக்கூடிய மீசென்கைமல் ஸ்டெம் செல்களை வளர்த்து, அவை வெளியிடும் எக்சோசோம்கள் எனும் நுண்பைகளைப் பிரித்தெடுத்து, இதயத் தமனியைக் கட்டி மாரடைப்பு உண்டாக்கிய எலிகளுக்கு வால் சிரை வழியே செலுத்த வேண்டும். நான்கு வாரங்கள் கழித்து எக்கோ எடுத்து, இதயம் இரத்தத்தை வெளியேற்றும் விகிதம் கூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கையில் இருப்பது ஆறு மாதங்கள். குறைகளைத் தயங்காமல் சொல்லுங்கள்.

தாமிரபரணி

நான் இதயநோய் மருத்துவன். உங்கள் தாய்மாமாவைப் போன்றவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். திருவனந்தபுரம் இதயச் செயலிழப்புப் பதிவேட்டில், 2013ஆம் ஆண்டு 18 மருத்துவமனைகளில் சேர்ந்த 1205 நோயாளிகள் பதிவு செய்யப்பட்டனர். ஐந்தாண்டுகளுக்குள் அவர்களில் 59 விழுக்காட்டினர் இறந்துவிட்டனர். ஆகவே புதிய சிகிச்சை வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. உங்கள் திட்டம் அந்த நோயைத் தொடவில்லை என்பதே என் மறுப்பு.

சிங்கப்பூரில் லிம் சாய் கியாங் குழுவினர் 2010இல் வெளியிட்ட சுண்டெலி ஆய்வு, தடைபட்ட இரத்த ஓட்டம் திரும்பும் நேரத்தில் ஏற்படும் சேதத்தை எக்சோசோம்கள் குறைக்கின்றன என்று காட்டியது. அது மாரடைப்பின் முதல் மணி நேரங்களைப் பற்றிய கேள்வி. என்னிடம் வருபவருக்கோ மாரடைப்பு வந்து மாதங்கள், சில வேளை ஆண்டுகள் கழிந்திருக்கும். இறந்த தசை இருந்த இடத்தில் தழும்பு இறுகியிருக்கும். தமனியைக் கட்டிய கையோடு மருந்து கொடுத்துவிட்டு அதற்கு இதயச் செயலிழப்பு என்று பெயரிடுவது சரியாகாது. வால் சிரை வழியே செலுத்தினால் நுண்பைகளில் பெரும்பகுதி கல்லீரலிலும் மண்ணீரலிலும் போய்த் தங்கிவிடும். அமெரிக்காவில் எட்வர்டோ மார்பான் குழுவினர் 2017இல் வெளியிட்ட பன்றி ஆய்வில், இதயத் தசைக்குள் நேரடியாக ஊசி வழியே செலுத்தியபோதுதான் பலன் தெரிந்தது; இதயத் தமனி வழியே கொடுத்தபோது தெரியவில்லை.

தொப்புள்கொடிக்கு மனித ஆய்வு நெறிமுறைக் குழு, எலிகளுக்கு விலங்கு நெறிமுறைக் குழு என்று இரண்டு அனுமதிகள் வாங்குவதற்குள் உங்கள் பருவம் முடிந்துவிடும். இதுவரை வெளியான விலங்கு ஆய்வுகளைத் திரட்டி, எத்தனை ஆய்வுகளில் மாரடைப்புக்குப் பல வாரங்கள் கழித்து மருந்து கொடுத்தார்கள், எத்தனை பேர் விலங்குகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள் என்று கணக்கிடும் முறைசார் மீளாய்வைச் செய்யுங்கள். அது நேர்மையாக முடிக்கக்கூடிய வேலை.

கொற்கை

மருத்துவர் ஐயா மாணவியின் ஊக்கத்தைக் குறைக்கிறார் என்பது என் எண்ணம். பாரிஸில் இதய அறுவை மருத்துவர் பிலிப் மெனாஷே குழுவினர் இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கே இதைச் சிரை வழியாகச் செலுத்தி, முதல் நோயாளியின் விவரத்தை 2024இல் வெளியிட்டுவிட்டார்கள். அங்கே மனிதருக்கே கொடுக்கும்போது இங்கே எலிக்குக் கொடுக்கத் தயங்க வேண்டுமா? சிறிய கேள்வியைக் கேட்டால் சிறிய விடைதான் கிடைக்கும்.

தாமிரபரணி

அதே மெனாஷே, தொடைத் தசையிலிருந்து எடுத்த செல்களை ஒரு நோயாளியின் இதயத்தில் பொருத்தியது 2000ஆம் ஆண்டில். இந்த முதற்கட்டச் சோதனைக்கு வர அவருக்கு ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஆனது. நடுவில் செல்களை ஊசி மூலம் செலுத்துவது எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்பதையும் அவர் ஒப்புக்கொண்டு கடந்து வந்தார். மேலும், அங்கே கொடுக்கப்படுவது தூய எக்சோசோம் அன்று. இதயச் செல்களாக வளரக்கூடிய முன்னோடிச் செல்கள் சுரந்ததிலிருந்து நுண்பைகளைச் செறிவாக்கிய கலவை.

அவசரத்தின் விலையையும் இந்தத் துறை அறியும். வளர்ந்த இதயத்திலேயே ஸ்டெம் செல்கள் இருக்கின்றன என்று சொல்லி வந்த பியரோ அன்வெர்சாவின் ஆய்வகத்திலிருந்து வெளிவந்த 31 கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டும் என்று ஹார்வர்டு 2018இல் பரிந்துரைத்தது. அதற்குள் அந்தக் கருத்தை நம்பி எத்தனையோ மாணவர்களின் ஆண்டுகள் போய்விட்டன.

செங்காந்தள்

முனைவர் பட்டத்துக்கும் அதன் பின்னும் நான் நுண்பைகளோடுதான் வேலை செய்கிறேன். எலிச் சோதனை வேண்டாம் என்பதில் மருத்துவரோடு உடன்படுகிறேன். ஆனால் மாணவியை நூலகத்துக்கு அனுப்பும் யோசனையை ஏற்க மாட்டேன். நுண்பையைத் தானே பிரித்துப் பார்க்காதவர், பிறருடைய கட்டுரையில் எந்த வரி மழுப்பலாக இருக்கிறது என்று எப்படிக் கண்டுகொள்வார்?

பூவரசு, அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜ் என்ற அதிவேகச் சுழற்சிக் கருவியில் 1,00,000 ஜி விசையில், அதாவது புவியீர்ப்பைப் போல் ஒரு லட்சம் மடங்கில், 70 நிமிடங்கள் சுழற்றிக் குழாயை வெளியே எடுக்கும்போது, அடியில் பெரும்பாலும் எதுவுமே கண்ணுக்குத் தெரியாது. சுழற்றுவதற்கு முன்பே, படிவு சேரும் பக்கத்தின் வெளிச்சுவரில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்திருக்க வேண்டும்; அந்தப் புள்ளிக்கு எதிரே உட்சுவரில் இருக்கிறது என்று நம்பித்தான் பிப்பெட்டால் கழுவி எடுக்கிறோம். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை, 30 முதல் 150 நானோமீட்டர் வரையிலான ஒன்றை, இருக்கிறது என்று மெய்ப்பிப்பதே இந்தத் துறையின் பாதி உழைப்பு.

என் முதல் ஆண்டில் நடந்ததைச் சொல்கிறேன். நான் எடுத்த நுண்பைகளைச் சேர்த்ததும், ஆக்சிஜன் குறைவில் வைத்த இதயச் செல்கள் அழகாகப் பிழைத்துக்கொண்டன. ஆய்வகமே மகிழ்ந்தது. பிறகு மூத்த ஆய்வாளர் ஒருவர், செல்களை வளர்க்கும் திரவமான ஊடகத்தை, செல்களே இல்லாமல் வெறுமையாக, அதே குழாயில், அதே வேகத்தில் சுழற்றி எடுத்துச் சேர்த்துப் பார்க்கச் சொன்னார். அதிலும் செல்கள் பிழைத்தன. ஊடகத்தில் கலந்திருந்த, கன்றுக்கருவின் இரத்தத்திலிருந்து எடுக்கும் சீரத்திலேயே மாட்டின் நுண்பைகளும் புரதங்களும் நிறைய இருந்தன. நான் ஓர் ஆண்டாக அவற்றையும் சேர்த்தே அளந்துகொண்டிருந்தேன். அந்த மாலை நான் அழுதேன். ஆனால், இன்று எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் வெற்று ஊடகத்தோடு ஒப்பிட்டிருக்கிறார்களா என்றுதான் முதலில் தேடுகிறேன்.

தாமிரபரணி

நீங்கள் சொன்னது என் வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது என்றே நினைக்கிறேன். அனுபவம் மிக்க ஆய்வகத்திலேயே ஓராண்டு போனது என்றால், ஆறு மாதத்தில் ஒரு மாணவி என்ன செய்வார்? அதோடு, பலரும் பயன்படுத்தும் எச்9சி2 என்ற எலி இதயச் செல்கள் வட்டிலில் துடிப்பதே இல்லை. துடிக்காத செல்லில் இதயச் செயலிழப்பை எப்படி அளப்பது?

செங்காந்தள்

துடிப்பை அளக்க வேண்டாம், தழும்பை அளக்கலாம். இதயச் செயலிழப்பில் நீண்ட காலம் நடந்துகொண்டே இருப்பது நார்த்திசுப் பெருக்கம், அதைச் செய்வது ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள். விற்பனைக்குக் கிடைக்கும் மனித இதய ஃபைப்ரோபிளாஸ்டுகளுக்கு தழும்பைத் தூண்டும் டிஜிஎஃப்-பீட்டா புரதத்தைக் கொடுத்தால் சில நாட்களில் அவை தழும்பு உண்டாக்கும் வடிவத்துக்கு மாறும். அந்த மாற்றத்தைக் காட்டும் புரதங்களான ஆல்ஃபா ஸ்மூத் மசில் ஆக்டின், கொலாஜன் இரண்டின் அளவும் கூடும். மாறிய பிறகு நுண்பைகளைச் சேர்த்தால் அந்த அளவு குறைகிறதா என்பதே கேள்வி. முன்பே சேர்க்கக் கூடாது. நோயாளி வருவது தழும்பு விழுந்த பிறகுதான் என்று ஐயா சொன்னதை இங்கே அப்படியே கடைப்பிடிக்கலாம்.

ஒரு தட்டில் நுண்பை, இன்னொன்றில் சுழற்றி நுண்பையை நீக்கிய பின் மேலே மிஞ்சும் மேல்நீர், மூன்றாவதில் வெற்று ஊடகத்திலிருந்து எடுத்தது, நான்காவதில் எதுவும் இல்லாதது. மேல்நீரும் அதே பலனைத் தந்தால், வேலை செய்தது கரைந்திருந்த புரதம் என்று எழுத வேண்டியதுதான். அதுவும் மதிப்புள்ள முடிவே. நுண்பையின் அடையாளமான சிடி63, சிடி81, டிஎஸ்ஜி101 புரதங்கள் இருப்பதையும், செல்லின் உட்பகுதிகள் கலந்துவிட்டதைக் காட்டும் கால்நெக்சின் இல்லாததையும், புரதங்களைக் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட் முறையில் காட்டுங்கள். ஒரே தட்டின் மூன்று குழிகளை மூன்று சோதனைகளாகக் கணக்கிடாதீர்கள். வேறு வேறு நாட்களில், வேறு வேறு தொகுதியாக எடுத்த நுண்பைகளோடு செய்தால்தான் அது மூன்று.

கொற்கை

இதனால் எந்த நோயாளிக்கு என்ன பயன் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

பூவரசு

அண்ணா, நானும் நேற்று இரவு முழுக்க அதைத்தான் யோசித்தேன். 2019 டிசம்பரில், அனுமதி பெறாத எக்சோசோம் பொருட்களால் நெப்ராஸ்காவில் நோயாளிகள் கடுமையாகப் பாதிக்கப்பட்டதை அடுத்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எச்சரிக்கை வெளியிட்டதைப் படித்தேன். யாராவது விற்க வந்திருந்தால் எங்கள் அத்தை நகையை அடகு வைத்தாவது வாங்கியிருப்பார். குப்பிக்குள் இருப்பது என்ன என்று சொல்லத் தெரிந்தவர்கள் இருப்பதும் நோயாளிக்குப் பயன்தான்.

அக்கா சொன்ன நான்கு தட்டுகளையே எடுத்துக்கொள்கிறேன். ஐயா சொன்னபடி, மருந்து எப்போது கொடுக்கப்பட்டது என்ற ஒரே கேள்வியோடு விலங்கு ஆய்வுகளைப் படித்து முதல் இயலாக எழுதுவேன். தலைப்பிலிருந்து சிகிச்சை என்ற சொல்லை எடுத்துவிட்டேன். இப்போது அது 'தொப்புள்கொடி ஸ்டெம் செல் நுண்பைகள், ஏற்கெனவே தூண்டப்பட்ட இதய ஃபைப்ரோபிளாஸ்டுகளில் கொலாஜன் அளவை மாற்றுகின்றனவா?' என்று இருக்கிறது. தொப்புள்கொடிச் செல்களையும் விற்பனைக்குக் கிடைப்பதாகவே வாங்கி, அதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி எந்த அளவில் வேண்டும் என்று திங்கட்கிழமை வழிகாட்டியிடம் கேட்கிறேன்.

தாமிரபரணி

நான் இன்னும் மீளாய்வின் பக்கம்தான். ஆனால் இந்தத் தலைப்பை மறுக்க என்னிடம் காரணம் இல்லை. முதல் இயலை எழுதியதும் அனுப்புங்கள், படித்துத் திருத்தித் தருகிறேன்.

செங்காந்தள்

சீரத்திலுள்ள நுண்பைகளை நீக்க அதையும் இரவு முழுக்கச் சுழற்ற வேண்டும். அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜ் பதிவேட்டில் இரவு நேரங்களுக்கு இப்போதே பெயர் எழுதி வையுங்கள். பருவக் கடைசியில் அந்தப் பக்கத்தில் ஒரு வரிகூட காலியாக இருக்காது.