பணிக்கர் ஹாலுக்குள், பிள்ளைகள் வராந்தாவிலா?

டிராயிங் டீச்சர், தேவிபட்டினம்:

வணக்கம். இங்கே ஒரு நடுநிலைப் பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியை நான். பிப்ரவரியில் எங்கள் பிள்ளைகளின் படங்களை வைக்க ராமநாதபுரத்தில் ஒரு அருங்காட்சியகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. ஒரு ஹால், வெளியே நீளமான வராந்தா. பிள்ளைகள் படத்துக்கு மட்டும் யார் வருவார்கள் என்று சொல்லி, மறைந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரையும் சேர்த்துவிட்டார்கள். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பணிக்கர் படங்களின் பெரிய பிரிண்டெல்லாம் ஹாலுக்குள்ளாம், பிள்ளைகள் வரைந்தது வராந்தாவிலாம்.

மனசு ஒப்பவில்லை. பாதிப் பேர் பாம்பன் பாலத்தையும் எங்கள் ஊர்க் கடலில் நிற்கும் நவபாஷாணக் கற்களையும்தான் வரைந்திருக்கிறார்கள், அது வேறு விஷயம். ஆனால் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி அப்பாவின் நாட்டுப்படகை வரைந்திருக்கிறாள். படகு ஒரு மூலையில் விரல் நீளம்தான். மீதித் தாள் முழுக்கப் படகின் பதிவு எண், மீன் ஏலக் கணக்கு, டீசல் பாக்கி, வியாபாரி பெயர். பணிக்கர் பெயரையே அவள் கேட்டதில்லை. இதையா வெயிலில் தொங்கவிடுவது?

எப்படி அடுக்கினால் நன்றாக இருக்கும்? பிரிண்ட் போட அனுமதி வாங்க வேண்டுமா? கடற்காற்றுக்குத் தாள் தாங்குமா?

பழைய ஓவியக் கல்லூரி மாணவன்:

டீச்சர், வராந்தா யோசனை சொன்னவரிடம் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைப் பற்றிச் சொல்லுங்கள். பணிக்கர் சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்தபோது, 1966-இல், மாணவர்களோடு சேர்ந்து ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் உருவாக்கிய ஊர் அது. மெழுகு பூசிச் சாயமேற்றும் பாடிக் துணி மாதிரிக் கைவினைப் பொருட்களை விற்ற காசில்தான் நிலமே வாங்கினார்கள். அங்கே 2009-இல் திறந்த அருங்காட்சியகத்துக்கு அவர் பெயர். உள்ளே போனால் அவரிடம் படித்த ராமானுஜம், வாசுதேவ் எல்லாரும் அதே கூரையின் கீழ் இருக்கிறார்கள். வாத்தியார் ஹாலிலும் மாணவன் வாசலிலும் இல்லை.

அந்தப் பெண்ணின் படத்தைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது, பணிக்கர் 1963-இல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசைதான். எழுத்து, எண், கணக்குக் குறி எல்லாம் நிரம்பி ஜாதகம் எழுதிய ஏடு போல இருக்கும். வாசிக்கப் போனால் பொருள் பிடிபடாது. அவருக்கு அது வேண்டியதும் இல்லை. உங்கள் மாணவி எழுதியிருப்பதோ நிஜக் கணக்கு. வாசித்தால் வீட்டு நிலைமை தெரியும். இரண்டையும் எதிரெதிர்ச் சுவரில், ஒரே உயரத்தில் வையுங்கள். ‘பணிக்கர் பாணியில்’ என்று மட்டும் அட்டை ஒட்டிவிடாதீர்கள். கண்காட்சி முடியும்வரை அந்த வரிசையைப் பற்றி அவளிடம் பேசாமல் இருப்பதும் நல்லது. மற்ற பிள்ளைகள் அடுத்த வாரமே காப்பி அடிக்க ஆரம்பித்துவிடுவார்கள்!

சட்டம் படித்தவர்:

அனுமதி வேண்டும். ஓவியர் இறந்த மறு ஆண்டிலிருந்து 60 வருடம் பதிப்புரிமை உண்டு. பணிக்கர் இறந்தது 1977-இல், அதனால் 2037 முடியும்வரை இருக்கும். வகுப்பில் பாடம் நடத்தக் காட்டுவது வேறு, பிரிண்ட் போட்டுப் பொதுமக்களுக்கு வைப்பது வேறு. உரிமை உள்ளவர்களிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். இணையத்தில் எடுத்துப் பெரிதாக்கிய மங்கலான பத்துப் படத்தை விட, முறைப்படி வாங்கிய இரண்டு போதும்.

படகுக்கு நம்பர் எழுதுறவன், கீழக்கரை:

டீச்சர், பிப்ரவரியில் மழை இருக்காது, ஆனால் காலையில் பனி ஈரம் இருக்கும். இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் நம்ம ஊர்ச் சுண்ணாம்புச் சுவரில் நிற்காது, பெயர்ந்து வரும்போது காரையையும் சேர்த்துக்கொண்டு வரும். சணல் கயிறு கட்டிக் கிளிப்பில் மாட்டுங்கள். சுவருக்கும் தாளுக்கும் நடுவே விரல்கடை இடைவெளி இருக்கட்டும். போஸ்டர் கலரைத் தடியாகப் பூசிய படத்தைச் சுருட்டி எடுத்துப் போகாதீர்கள், பொருக்கு உதிரும்.

அப்புறம் ஒன்று. டீசல் பாக்கியை ஊரே பார்க்கப் போகிறது. பிள்ளையின் அப்பாவிடம் கேட்டீர்களா?

டிராயிங் டீச்சர், தேவிபட்டினம்:

எல்லாருக்கும் நன்றி. எதிரெதிர்ச் சுவர் என்றதும் ஹாலுக்குள் பாதி இடத்துக்குச் சம்மதித்துவிட்டார்கள். எந்தப் பாதி என்பதில்தான் இன்னும் பேச்சு நடக்கிறது.

அப்பாவிடம் கேட்டேன் அண்ணே. பாக்கி இருப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே, இருக்கட்டும் என்கிறார். வியாபாரி பெயரை மட்டும் எடுத்துவிடச் சொல்கிறார், நாளைக்கு அவரிடம்தானே மீன் போட வேண்டும். இவள் முடியாது என்று நிற்கிறாள்.

படகுக்கு நம்பர் எழுதுறவன், கீழக்கரை:

அழித்தால் தாள் பிய்ந்துவிடும். படகு கைமாறும்போது நாங்கள் பழைய பெயரைச் சுரண்டுவதில்லை, மேலே ஒரு கை பெயிண்ட் அடித்துப் புதுப் பெயரை எழுதிவிடுவோம். அவளையே அப்படிச் செய்யச் சொல்லுங்கள். மேலே என்ன எழுதுவது என்று அவளே முடிவு பண்ணட்டும், நாம் சொல்ல வேண்டாம்.