5,320 கோடி டாலர் இருந்தும் ஹார்வர்டு ஏன் வழக்குக்குப் போனது?

கேள்வி:
அமெரிக்க அரசின் நிபந்தனைகளை ஏற்க முடியாது என்று 2025 ஏப்ரல் 14 அன்று ஹார்வர்டு தலைவர் ஆலன் கார்பர் அறிவித்தார். அன்றே சுமார் 220 கோடி டாலர் மானியத்தை முடக்கிவிட்டார்கள். ஆனால் 2024 கணக்குப்படி அவர்களின் அறக்கட்டளை நிதி (கொடையாக வந்து முதலீடு செய்யப்பட்ட பணம்) 5,320 கோடி. அதிலிருந்து எடுத்துச் சமாளிக்கலாமே? தவிர, கொடுக்கிற கைக்கு நிறுத்தவும் உரிமை உண்டுதானே? எந்தச் சட்டத்தை வைத்து வாதாடினார்கள்?

மறுமொழி 1:
அந்த 5,320 கோடி ஒரே உண்டியலில் இல்லை. பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட தனித்தனி நிதிகள். ஏறத்தாழ 80 சதவீதத்தைக் கொடையாளர் எழுதிவைத்த நோக்கத்துக்கு மட்டுமே தொடலாம். கலை வரலாற்றுப் பேராசிரியர் பதவிக்கு வந்த பணத்தில் காசநோய் ஆய்வகத்துக்குச் சம்பளம் போட்டால் அதற்கும் வழக்கு வரும். கணிசமான பகுதி பங்குச் சந்தைக்கு வராத தனியார் பங்கு முதலீடுகளில் கிடக்கிறது, நினைத்த மாதத்தில் விற்றுக் காசாக்க முடியாது. அதனால்தான் இவ்வளவு பெரிய நிதி இருந்தும் அந்த ஏப்ரலில் 75 கோடி டாலருக்குக் கடன்பத்திரம் வெளியிட்டார்கள்.

220 கோடி என்பதும் பல வருடங்களுக்கு உரிய தொகை. 2024 நிதியாண்டில் கூட்டரசிடமிருந்து (மத்திய அரசு) ஆராய்ச்சிக்கு வந்தது 68.6 கோடி, மொத்த வருமானத்தில் 11 சதவீதம்தான். சின்னதாகத் தெரியும், ஆனால் அடி எல்லாத் துறைகளிலும் ஒன்றுபோல விழாது. பொதுச் சுகாதாரப் பள்ளி போன்றவை பெரிதும் மானியத்தில் ஓடுபவை. ஆராய்ச்சி மானியத்தில் பெரும்பாலும் முதலில் பல்கலைக்கழகம் செலவு செய்யும், பிறகு அரசிடம் கேட்டு வாங்கும். வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்துவிட்டால் அதன்பின் ஆகும் செலவு கையைவிட்டுப் போகலாம். ஆய்வு எலிகளுக்கோ உறைநிலை மாதிரிகளுக்கோ விடுமுறை விட முடியுமா? மே மாதம் சொந்தப் பணத்தில் 25 கோடி ஒதுக்கியது அந்த ஓட்டையை அடைக்கத்தான்.

மறுமொழி 2:
சட்டப் பக்கம் சொல்கிறேன். யூத மாணவர்கள் மீதான வெறுப்பைத் தடுக்கவில்லை என்பதே அரசு சொன்ன காரணம். அதற்குரிய சட்டம் 1964 குடிசார் உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பகுதி, அதாவது டைட்டில் சிக்ஸ். அதன்படி நிதியை நிறுத்த வேண்டுமானால் முதலில் குற்றச்சாட்டைத் தெரிவித்து, தானாகத் திருத்திக்கொள்ள வாய்ப்புத் தர வேண்டும். சரிவராவிட்டால் விசாரணை நடத்தி, மீறல் நடந்ததாகப் பதிவேட்டில் தீர்மானிக்க வேண்டும். பிறகு நாடாளுமன்றக் குழுக்களுக்கு அறிக்கை தந்து 30 நாள் காத்திருக்க வேண்டும். அப்போதும் மீறல் கண்ட திட்டத்தின் பணத்தைத்தான் நிறுத்தலாம். இங்கே நேராகக் கடைசிப் படிக்குத் தாவிவிட்டார்கள்.

அரசு அனுப்பிய ஏப்ரல் 11 கடிதத்தில் ஒவ்வொரு துறையிலும் கருத்துப் பன்மை இருக்கிறதா என்று வெளியார் தணிக்கை கேட்டிருந்தார்கள். யாரைச் சேர்ப்பது, யாரை நியமிப்பது என்பதிலும் கை வைத்தார்கள். யூத வெறுப்பைத் தடுப்பதற்கும் இதற்கும் என்ன தொடர்பு? செப்டம்பர் 3 தீர்ப்பில் நீதிபதி ஆலிசன் பர்ரோஸ் இதைப் பேச்சுரிமைக்கு எதிரான பழிவாங்கல் என்றார். டைட்டில் சிக்ஸ் நடைமுறை மீறப்பட்டதையும் ஏற்றார்.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் கொலம்பியா பல்கலைக்கழகம் ஏன் அரசுக்குப் பணிந்தது?

மறுமொழி 3:
அவர்களுக்கு மார்ச்சில் 40 கோடி டாலர் மானியம் ரத்தானது. ஜூலையில் மூன்று வருடங்களில் 20 கோடியும், தனியாக 2.1 கோடியும் கட்ட ஒப்புக்கொண்டு, நின்ற மானியங்களில் பெரும்பாலானவற்றைத் திரும்பப் பெற்றார்கள். பிரவுன் பல்கலைக்கழகம் அரசுக்கு அபராதம் கட்டவில்லை. தான் இருக்கும் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் தொழிற்பயிற்சி அமைப்புகளுக்கு 10 வருடங்களில் 5 கோடி தருவதாகச் சொன்னது.

மறுமொழி 2-க்கு ஒரு சேர்க்கை: நீதிமன்ற வெற்றியும் முழுசானதல்ல. மானிய ரத்தை எதிர்க்கும் வழக்குகளைக் கூட்டரசு இழப்பீட்டு நீதிமன்றத்துக்கு (அரசிடம் பணம் கோரும் வழக்குகளை விசாரிப்பது) கொண்டுபோகச் சொல்லும் போக்கை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் எடுத்தது. அதனால் ரத்து தன்னிச்சையானது என்ற வாதத்தை மட்டும் பர்ரோஸ் தன் வரம்புக்குள் எடுக்கவில்லை. அரசியல் சாசன வாதமும் டைட்டில் சிக்ஸும்தான் வழக்கைத் தாங்கின. வேறு பல்கலைக்கழகம் இதே வழியில் போனால் மனுவில் அந்த இரண்டையும் முதலில் வைப்பதே புத்திசாலித்தனம்.