பல்லடம்–காங்கேயம் சாலையில் உயிர் தப்பிய பிறகு பைக் ஓட்டுவதைத் தொடரலாமா?

வணக்கம். காங்கேயத்தில் குடியிருந்து, பல்லடத்தில் உள்ள விசைத்தறிக் கூடத்துக்குத் தினமும் பைக்கில் சென்று வருகிறேன். வண்டி பல்சர் 150. அழுத்திப் பிரேக் பிடித்தாலும் சக்கரம் சுழலாமல் இறுகிவிடாதபடி தடுக்கும் ஏ.பி.எஸ். முன் சக்கரத்துக்கு மட்டும் உண்டு, பின்னால் டிரம் பிரேக். கடந்த ஆடியில், காற்று பலமாக வீசிய ஒரு மாலையில், லாரியை முந்திக்கொண்டு எதிரே வந்த பேருந்து என் பக்கத்துக்கே ஏறிவிட்டதால், தார் விளிம்பைத் தாண்டி ஜல்லி மண்ணில் இறங்கினேன். பின் சக்கரம் சுழலாமல் இழுத்துக்கொண்டே போக, மைல் கல்லுக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது. உடம்பில் கீறல்கூட இல்லை.

ஆனால் அன்றிலிருந்து, எதிரே பெரிய வண்டி தெரிந்தாலே தோள் இறுகி, உள்ளங்கை வியர்த்து, கை தானாக பிரேக்கைப் பிடித்துவிடுகிறது. அப்போது பின்னால் வருபவர் வந்து இடித்துவிடக்கூடும் என்பதால், நடந்த சம்பவத்தைவிட இந்தப் பழக்கமே எனக்கு அதிகக் கவலை தருகிறது.

பின் டயரையும் பிரேக் ஷூவையும் மாற்றிவிட்டேன். போக்குவரத்து குறைந்த அதிகாலையில் ஓட்டிப் பார்த்தேன், ஊர்ச்சாலைகளில் சுற்றியும் சென்றேன். காலி மைதானத்தில் அவசர பிரேக் பழகினேன். அங்கே சரியாக வருவது நெடுஞ்சாலையில் வருவதில்லை. இரவு ஷிப்ட் முடியும் நேரத்தில் எனக்குப் பேருந்து கிடைப்பதில்லை. வீட்டிலோ வண்டியை விற்றுவிடச் சொல்கிறார்கள்.

இதே நிலையைக் கடந்து வந்தவர்களிடம் கேட்கிறேன்: ஓட்ட ஓட்ட இந்த இறுக்கம் உங்களுக்குக் குறைந்ததா, அல்லது வண்டியை நிறுத்தியதுதான் சரியாக இருந்ததா?