புதுப்பிப்பு: ஹைடல்பெர்க்கில் இடைக்கால ஜெர்மன், முதல் பருவம் முடிந்த பிறகு

குளிர்காலப் பருவம் தொடங்குமுன் இங்கே கேட்டிருந்தேன்: ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் மொழி இலக்கிய இளங்கலையில் சேர்கிறேன், 800 ஆண்டுப் பழைய ஜெர்மன் கட்டாயப் பாடம், இன்றைய ஜெர்மனையே கற்றுக்கொண்டு வந்தவளுக்கு அது சாத்தியமா என்று. எப்படியாவது தேறிவிட்டு நவீன இலக்கியத்துக்குப் போய்விடுமாறு பலர் சொன்னீர்கள். தேறிவிட்டேன். ஆனால் விட்டுப்போக மனம் வரவில்லை.

காரணம், நிபெலுங்கன் காவியம் என்ற இடைக்கால ஜெர்மன் வீரகாவியம். 1200ஆம் ஆண்டை ஒட்டி எழுதப்பட்டது. எழுதியவர் பெயர் தெரியாது. ஒவ்வொரு பாட்டிலும் நான்கு நீண்ட அடிகள், ஒவ்வோர் அடியும் நடுவில் இரண்டாகப் பிரியும். கடைசி அரையடி மட்டும் அழுத்தி உச்சரிக்கும் அசை ஒன்று கூடி நீளும். வெண்பாவின் ஈற்றடி குறுகி நிற்பதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த நீட்சி உடனே பிடிபட்டது. வரப்போகும் சாவைக் கவிஞர் முன்கூட்டியே சொல்வதும் பல பாடல்களில் அந்தக் கடைசி அடியில்தான். மௌனமாகப் படித்தால் இது தெரியாது, உரக்கப் படியுங்கள்.

அகராதி பற்றிக் கேட்டவர்களுக்கு: இடைக்கால ஜெர்மனுக்கான லெக்ஸர் அகராதியை ட்ரியர் பல்கலைக்கழகத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். இடைக்கால ஜெர்மன் பாடல்களின் தொகுப்பான, 137 முழுப்பக்க ஓவியங்கள் கொண்ட மானெஸ்ஸே சுவடி எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அதன் எல்லாப் பக்கங்களும் இணையத்தில் திறந்திருக்கின்றன. அவசியம் பாருங்கள், அத்தனை அழகு!

கோடைப் பருவத்துக்கு இடைக்கால ஜெர்மன் கவிஞர் வால்டர் ஃபான் டெர் ஃபோகல்வைடெயின் பாடல்களை எடுத்திருக்கிறேன்.